பரஸ்தானப் பெட்டி

எங்கள் வீட்டு முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே, ஒரு சிவப்புப் பெட்டி ரொம்ப நாள் நின்றது. சக்கரம் வைத்தது, கைப்பிடியை இழுத்தால் நீளும். வீட்டுக்கு வருகிற ஒறம்பரை எல்லாம் அதைப் பார்த்ததும், "எங்கீங்க, ஊருக்குக் கிளம்பிட்டீங்களாட்ட இருக்குது?" என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அலுத்துப்போய், "ஆமாங்க, கிளம்போணும்" என்று சொல்லிவிட்டு, காபி ஆகிவிட்டதா என்று அடுப்படியை எட்டிப் பார்ப்பேன்.

அது என் தங்கச்சியின் பெட்டி. பரஸ்தானமாக அவள் வைத்துவிட்டுப் போனது.

பரஸ்தானம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தூரப் பயணம் போகவேண்டும், ஆனால் கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், போகிறவர்களின் துணிமணியில் கொஞ்சத்தைக் கட்டி எடுத்துப்போய், போகிற திசையில் இருக்கிற இன்னொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். அப்புறம் எந்த நாளில் கிளம்பினாலும் குற்றமில்லை. போகிற வழியில் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு கண்டிசன் உண்டு. வெளியே வைத்ததைப் பாதியில் திரும்பவும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. போய்ச் சேரவேண்டிய ஊருக்குப் போய்விட்டுத்தான் அது வீடு திரும்பவேண்டும்.

எனக்கு இந்தச் சாங்கியம் எதிலும் பிடிப்பு கிடையாது. பம்புக்கு உதிரி பாகம் செய்கிற சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆயுத பூசைக்குப் பொரி கடலை வைப்பதோடு என் பக்தி முடிந்தது. தங்கச்சி அப்படியில்லை. சரவணம்பட்டியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. பகலெல்லாம் அமெரிக்காக்காரனோடு இங்கிலீஷில் பேசுவாள், துடியலூருக்கு வீடு திரும்பியதும் தினசரி காலண்டரில் ராகுகாலம் பார்த்துவிட்டுத்தான் இட்லிக்கு ஊறப் போடுவாள்.

"சனிக்கெழம பிளேனுங்ணா. சனிக்கெழம கெழக்கால சூலம். ஏர்ப்போர்ட்டும் கெழக்கு, சிங்கப்பூரும் கெழக்கு. உங்க ஊடு சின்னியம்பாளையம், ஏர்ப்போர்ட்டுக்குப் பக்கம். இத உட்டா எனக்கு வேற எடம் இருக்குதா?"

"ஏரோப்பிளேன் ஓட்டறவன் சூலம் பாத்துட்டா ஏறுவான்?"

"அவன் பாக்கறதில்ல, அதனால நாம பாக்கறோம்."

அவளோடு பேசி ஜெயிக்க முடியாது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். எங்களுக்கு அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்ததும், ரெண்டு பிள்ளைகளுக்கும் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியதும் நான்தான். எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் குழந்தை இல்லை. அதனால் அந்த ரெண்டு பிள்ளைகள்தான் எங்களுக்கு எல்லாம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சிங்கப்பூர் போவது என்று முடிவான நாளிலிருந்து அவள் போன் பண்ணாத நாள் கிடையாது. பட்டறைச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்பேன். சின்னவனுக்கு அப்போது நடை பழகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, பெண்ணுக்கு நாலு வயசு. பாஸ்போர்ட் போட்டோவுக்கு அவனைக் கண்ணைத் திறந்து, வாயை மூடி, நேராகப் பார்க்கவைக்க ஸ்டூடியோக்காரர் பட்ட பாட்டை ஒரு மணி நேரம் சொன்னாள். கடைசியில் வெள்ளைப் படுதாவைப் போர்த்திக்கொண்டு அவளே நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் அவனை வைத்துப் படம் எடுத்தார்களாம். "என் கை கூட தெரியலீங்ணா படத்துல. நான் இருக்கறன், ஆனா இல்ல" என்று சிரித்தாள். அந்தப் பேச்சு பிற்பாடு என்னைப் போட்டு வதைத்தது.

டூர் கம்பெனிக்காரர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. காலையில் பஸ்ஸில் ஏற்றி, பொழுதோடு வரைக்கும் ஏழு இடம் காட்டி இறக்கிவிடுவார்களே, அது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடக்காது என்பாள். அவள் போட்ட திட்டம் ஒன்றே ஒன்றுதான். ஒரு நாளைக்கு ஒரே இடம். காலையில் போய் மத்தியானம் திரும்பிவிட வேண்டும். சின்னவன் தூங்கி எழுந்த பிறகு, ஓட்டலுக்குக் கீழே இருக்கிற தெருவில் சும்மா நடக்கலாம்.

"அவ்வளவு தூரம் போயி, தெருவுல நடக்கறதுக்கா?" என்றேன்.

"புள்ளைங்க எங்கீங்ணா ஊரப் பாக்குது? அதுக எறும்பத்தான் பாக்கும். அங்க போயும் எறும்பப் பாக்கட்டும். நாம அதுக கூட உக்காந்துக்கலாம்."

சின்ன ரைஸ் குக்கர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவதாகச் சொன்னாள். நான் கேலி பண்ணினேன். பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் மஞ்சள் சட்டை எடுத்தாள், கூட்டத்தில் தொலைந்தாலும் கண்ணுக்குப் படுமாம். எல்லாவற்றுக்கும் மேலே மாடி பஸ். அங்கே ஓடுகிற மாடி பஸ்ஸில், மேல் தட்டில், முதல் வரிசையில் இந்தப் பக்கம் ரெண்டும் அந்தப் பக்கம் ரெண்டும் நாலு சீட்டு. முன்னால் முழுக்கக் கண்ணாடி. டிரைவர் கீழே இருப்பதால் பஸ்ஸை நாமே ஓட்டுகிற மாதிரி இருக்கும் என்று பெண்ணிடம் சொல்லிவைத்திருந்தாள். அது என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மாமா, நாலு சீட்டு, நாங்க நாலு பேரு, வேற யாரையும் உட மாட்டோம்" என்று விரலை மடக்கிக் காட்டும். "மாமனுக்கு?" என்று கேட்டால் கொஞ்சம் யோசித்து, "நீங்க கீழ நில்லுங்க" என்று சொல்லிவிடும்.

அரையாண்டு லீவுக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, நல்ல நேரம் பார்த்துப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். நாலு பேருக்கும் ஒவ்வொரு ஜோடி துணி, பிள்ளைகளின் மஞ்சள் சட்டை, அவளுடைய அரக்குச் சேலை, மேலே ஒரு மஞ்சள் கிழங்கு. என் வீட்டுக்காரி கொடுத்த காபியை நின்றுகொண்டே குடித்தாள்.

"சனிக்கெழம வந்து எடுத்துக்கறோமுங்க அண்ணி. மோரு மட்டும் வேண்டாம், கெட்டித் தயிரா ஒரு வாய் குடுங்க, சூலத்துக்கு."

"வாரேனுங்ணா" என்று எனக்கும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

மறுநாள் காய்ச்சல். வெறும் காய்ச்சல்தான் என்றாள், அலைச்சலாக இருக்கும் என்றாள். டெங்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுகூட, டிக்கெட்டைத் தள்ளிப் போட முடியுமா என்றுதான் மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை விரித்துச் சொல்ல என்னால் ஆகாது. சனிக்கிழமை விமானம் அவர்கள் இல்லாமலே போயிற்று. அடுத்த வாரம் அவள் போய்விட்டாள்.

விமானம் இறங்குகிற பாதை எங்கள் வீட்டுக்கு மேலேதான். தினமும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை உரசுகிற மாதிரி இறங்கும். அதுவரைக்கும் எனக்கு அது சத்தமாகவே கேட்டதில்லை, பழகிப்போன ஒன்று. அதற்கப்புறம் ஒவ்வொன்றும் கேட்டது.

கருமாதி முடிந்ததும் பெட்டியை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. போகவேண்டியவளோ இல்லை. வைத்தவளே போய்விட்டால் அந்தப் பெட்டிக்கு என்ன முறை என்று பெரியவர்களைக் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஆற்றில் விடு என்றார் ஒருவர். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்து, "உங்க பெட்டிய உடுங்க" என்று சொல்லிப்போட்டேன். நம்பிக்கையில்லாதவனுக்கு அந்த ஒரு சாங்கியத்தில் மட்டும் எங்கிருந்தோ பிடிவாதம் வந்தது. அது அங்கேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டோம். என் வீட்டுக்காரி வீடு கூட்டும்போது அதை நகர்த்தாமல் சுற்றிக் கூட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாப்பிள்ளை பிள்ளைகளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் பொழுதோடு வந்து கூட்டிப் போவார். நல்ல மனுசன், வாய் மட்டும் கிடையாது. அவள் போன பிறகு இன்னும் குறைந்துவிட்டது. சின்னவன் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டுவான். அவனுக்கு அம்மா முகம் நினைவில் நிற்கவில்லை. சுவரில் மாட்டியிருக்கிற போட்டோவைக் காட்டி அம்மா எங்கே என்றால் சரியாகக் கை நீட்டுவான். பள்ளிக்கூடத்தில் மாம்பழம் எங்கே என்றால் படத்தைத் தொட்டுக் காட்டுவார்களே, அப்படி.

பெண்ணுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒன்றாம் வகுப்பு முழுப் பரீட்சை நெருங்கும்போது ஒருநாள், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது, தலையைத் தூக்காமலே கேட்டது.

"மாமா, பெட்டி வெச்சுட்டா போயே ஆகோணும்னு அம்மா சொன்னாங்கல்ல?"

"ஆமாங் கண்ணு."

"அப்ப நாம எப்பப் போறோம்?"

அன்றைக்குப் பொழுதோடு மாப்பிள்ளை வந்ததும், "மாப்ள, இந்த லீவுல சிங்கப்பூர் போறமுங்க. நீங்க, நானு, புள்ளைங்க ரெண்டும்" என்றேன். அவர் ரொம்ப நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரிங்க மச்சான்" என்றார். என் வீட்டுக்காரி மேட்டுப்பாளையம் தாண்டினாலே பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவள், அவள் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

நான் பாஸ்போர்ட் எடுத்தேன். போனில் படம் படமாகப் பார்த்து, பட்டறையில் வேலை பிரித்துக் கொடுக்கிற மாதிரி நானே ஒரு திட்டம் போட்டேன். காலையில் பறவை, மத்தியானம் மீன், பொழுதோடு ராட்டினம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பெருமையாகப் பெண்ணிடம் சொன்னேன். அது உதட்டைப் பிதுக்கியது.

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான் மாமா. மத்தியானம் தம்பி தூங்கோணும்."

"அவ்வளவு தூரம் போயி..." என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டேன். தங்கச்சி சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. பட்டறை இரைச்சலில் பாதிதான் கேட்டேன் என்று நினைத்திருந்தேன். அத்தனையும் மண்டைக்குள் இருந்தது. ஓட்டல் எந்தத் தெருவில் இருக்கவேண்டும், பக்கத்தில் இட்லிக் கடை வேண்டும், முதல் நாள் எங்கேயும் போகாமல் ரயிலில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கவேண்டும், சின்னவன் புதுக் கக்கூசைக் கண்டால் மிரளுவான், முதலில் தண்ணீர்ச் சத்தத்தைப் பழக்கவேண்டும். ஒரு சின்ன ரைஸ் குக்கர் வாங்கிக்கொண்டு வந்தேன். கேலி பண்ண அவள் இல்லை.

அந்த நாட்களில் எனக்குள் ஒரே எண்ணம்தான். இந்தப் பிள்ளைகளுக்கு அவள் சொல்லிவைத்த ஊரை, அவள் பக்கத்து ஆள் ஒருத்தன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டவேண்டும். காட்டிவிட்டால் அவள் காட்டிய மாதிரி ஆகிவிடும். சின்னவனுக்கு அம்மாவைப் பற்றி ஒன்றாவது மிஞ்சும். இல்லாவிட்டால் அவனைப் பொறுத்தவரைக்கும் அவள் சுவரில் இருக்கிற படம்தான்.

டிக்கெட் போடுகிற வாரத்தில் மாப்பிள்ளை பட்டறைக்கே வந்தார். ஒருநாளும் அங்கே வந்தவரில்லை. லேத்தை நிறுத்தச் சொன்னேன். ஈரோட்டுப் பக்கம் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருக்கிறார்களாம். அந்தப் பெண்ணுக்கும் ஏற்கெனவே கல்யாணமாகி முறிந்துபோயிருக்கிறது. வைகாசி முதல் முகூர்த்தத்தில் கோயிலில் வைத்துத் தாலி கட்டுவதாக ஏற்பாடு. இதை எதிர்பார்க்காதவன் இல்லை நான். ரெண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை காலம் தனியாக இருப்பார்? அதற்கு நான் தலையாட்டிவிட்டேன். அடுத்து சொன்னதுதான் தாங்கவில்லை.

"மச்சான், ஊருக்கு... அவங்களும் வரட்டுமுங்களா? புள்ளைங்க பழகறதுக்கு..."

"அப்ப அஞ்சு பேராப் போவமுங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "புதுசா வர்றவங்க... நீங்க கூட இருந்தா அவங்களுக்கு..."

எனக்குப் புரிந்துவிட்டது. "எந் தங்கச்சி எடத்துல ஆள் வெச்சாச்சு. சீட்டையும் குடுத்தாச்சுங்களா?" என்று கேட்டேன். பட்டறைப் பையன்கள் எல்லாம் அப்படியே நின்றார்கள். அவர் கண் கலங்கியது. போய்விட்டார். நான் திரும்ப லேத்தைப் போடச் சொன்னேன்.

வீட்டில் வந்து குதித்தேன். பெட்டி என் வீட்டில் இருக்கிறது, நான் தரமாட்டேன், எப்படிப் போகிறார்கள் பார்க்கிறேன் என்றேன். என் வீட்டுக்காரி கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். நான் ஓய்ந்ததும் சொன்னாள்.

"ஏனுங்க, தெரியாத ஊர்ல அந்தச் சின்னது அழுதுட்டு எந்திரிச்சா யாரத் தேடோணும்? அஞ்சு நாள் கழிச்சு இங்க வந்து எறங்கிக்கற உங்களையா, கடைசி வரைக்கும் கூட இருக்கப்போறவளையா?"

"எந் தங்கச்சிய மறந்துரும் அதுக."

"நாம இருக்கறமல்ல, மறக்க உடுவமுங்களா?" என்றவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் போனேன். ஓரமாக நின்றுவிட்டு வந்தேன். ஆனால் அதோடு முடிகிற விசயமில்லை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ரெண்டாவதாக வருகிறவளுக்கு, மூத்தவள் பிறந்த வீடும் பிறந்த வீடுதான். கல்யாணம் முடிந்ததும் அந்த வீட்டுக்கு வருவாள், மகள் மாதிரி சேலை கொடுத்துக் குங்குமம் வைத்து அனுப்பவேண்டும். அப்பா அம்மா இருந்தால் அவர்கள் செய்வார்கள். இல்லாத வீட்டில் அண்ணன்காரன் செய்யவேண்டும். இந்த வழக்கத்தை எவன் கண்டுபிடித்தானோ, அவனுக்குத் தங்கச்சி இருந்திருக்காது.

வந்தாள். ஒல்லியாக, பயந்தவளாக இருந்தாள். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரி எல்லாம் செய்தாள். போட்டோவுக்கு முன்னால் அந்தப் பெண் விழுந்து கும்பிட்டதைப் பேப்பருக்கு மேலாகப் பார்த்தேன். பிறகு என் நாற்காலிக்குக் கொஞ்சம் தள்ளி வந்து நின்றாள்.

"அண்ணா, ஊருக்குப் போறதுக்கு அக்கா எப்படியெப்படி யோசன பண்ணியிருந்தாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்னு பாப்பா சொல்லுச்சுங்க. சொன்னீங்கன்னா அதே மாதிரி செஞ்சுக்கறேனுங்க. என்னுதுன்னு எதையும் சேத்த மாட்டேன்."

ஒன்றும் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். அவள் அங்கேயே நின்றாள். பேப்பரை மடித்தேன்.

"ஒரு நாளைக்கு ஒரு எடம்தான்" என்றேன். "மத்தியானம் பையன் தூங்கோணும்."

"செரிங்ணா."

"தண்ணிச் சத்தத்துக்கு மெரளுவான். மொதல்ல வெளிய நின்னு கேக்க வைக்கோணும்."

"செரிங்ணா."

அப்படியே ஆரம்பித்தது நிற்கவே இல்லை. மஞ்சள் சட்டை, ரயில், இட்லிக் கடை, எறும்பு, மாடி பஸ், எல்லாம் சொன்னேன். உள்ளே போய் ரைஸ் குக்கரை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். சொல்லச் சொல்ல எனக்குள் இருந்தது காலியாகிக்கொண்டே வந்தது. எனக்கு மட்டுமே தெரிந்திருந்த என் தங்கச்சியின் பேச்சை, முன்னே பின்னே தெரியாத ஒருத்திக்கு வாரிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. எறும்பைப் பற்றிச் சொன்னபோது மட்டும் லேசாகச் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று என் முகத்தைப் பார்த்தாள்.

கிளம்புகிற நாள் மத்தியானம் விமான நிலையம் போகிற வழியில் காரை எங்கள் வாசலில் நிறுத்தினார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தோம். பையனின் மஞ்சள் சட்டை அவன் தலையிலேயே நுழையாது. பெண்ணின் பாவாடை முழங்காலுக்கு மேலே நின்றது. அரக்குச் சேலையில் மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்திருந்தது. என் வீட்டுக்காரி, "இந்தத் துணியெல்லாம் எதுக்குச் சொமந்துட்டு, எடுத்து வெச்சுட்டு..." என்று சொல்ல வாயெடுத்தாள்.

"இருக்கட்டுமுங்க அண்ணி" என்றாள் அந்தப் பெண். "அப்படியேதான போகோணும்?"

நான் பெட்டியை மூடி, தூக்கி, காரின் பின்னால் வைத்தேன். சக்கரம் இருந்தும் உருட்ட மனசு வரவில்லை. என் வீட்டுக்காரி தயிர்க் கிண்ணத்தோடு வந்தாள். பெட்டி வைத்தாயிற்று, சூலமெல்லாம் கழிந்தாயிற்று, தயிர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நாலு பேரும் ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டார்கள். சின்னவன் வாயெல்லாம் பூசிக்கொண்டு, "அம்மா, தொடச்சு உடு" என்று அந்தப் பெண்ணிடம் முகத்தை நீட்டினான். அவள் சட்டென்று என்னைப் பார்த்தாள். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

தங்கச்சி மகள் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டது. காதுக்குப் பக்கத்தில் வரச் சொன்னது. ரகசியம் என்று நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசியது.

"மாமா, மாடி பஸ்ஸுல மொதோ வரிசைல நாலு சீட்டுதான? அப்பா, தம்பி, நானு, சித்தி. அப்ப அம்மாவுக்கு?"

மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அந்தப் பெண்தான் சொன்னாள்.

"எனக்கு முன்னாடி உக்காந்தா தல சுத்துங் கண்ணு. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

கார் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு விமானம் ஏறுகிற சத்தம் கேட்டது. அதுதானா என்று தெரியவில்லை. மாடிக்குப் போய் நின்று, அதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பட்டறையில் இருக்கும்போது போனுக்கு ஒரு படம் வந்தது. மாடி பஸ்ஸின் மேல் தட்டு, பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கி எடுத்தது. முன்னால் அகலமான கண்ணாடி, அதற்கு வெளியே மரமும் உயரமான கட்டடமும். இடது பக்கம் மாப்பிள்ளை, மடியில் நிற்காமல் நெளிகிற சின்னவனை அவன் சீட்டில் பிடித்து உட்காரவைக்கிறார். வலது பக்கம் ஜன்னலோரம் பெண்ணின் ரெட்டைச் சடை. அதற்குப் பக்கத்துச் சீட்டு காலி. அந்தச் சீட்டின்மேல், மடித்தது மடித்தபடி, அரக்குச் சேலை.

ரொம்ப நேரம் அதையே பார்த்தேன். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. என் தங்கச்சி அந்த ஊருக்குப் போய், முதல் வரிசையில், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். ஆனால் அந்தப் படத்தை எடுத்தவள் எங்கே இருக்கிறாள் என்றுதான் மனசு போயிற்று. தலையும் சுற்றவில்லை ஒன்றும் சுற்றவில்லை அவளுக்கு. யாரும் கூப்பிடாமல் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

மாப்பிள்ளை போனுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். பெண்தான் எடுத்தது.

"மாமா, பஸ்ஸ நான் ஓட்டிட்டிருக்கறேன்."

"ஓட்டு கண்ணு. பக்கத்துல யாரு?"

"அம்மா."

"அம்மா எல்லாம் பாத்துட்டாங்களா?"

"பாத்துட்டாங்க. பாலத்தப் பாத்தாங்க, கடலப் பாத்தாங்க."

பையன்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன். என் வாயால் இதைச் சொல்லுவேன் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

"அப்படின்னா அம்மா வர வேண்டிய எடத்துக்கு வந்து சேந்துட்டாங்க கண்ணு. பெட்டி வெச்ச பயணம் முடிஞ்சுது. சேலைய எடுத்து மடியில வெச்சுக்க. அந்த சீட்டுல சித்திய வந்து உக்காரச் சொல்லு."

அது கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. பின்னால் திரும்பி, "மாமா உங்கள முன்னாடி வரச் சொல்றாங்க" என்றது. பஸ் ஆட்டத்தில் படம் ஆடியது. பிடித்துப் பிடித்து அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். சீட்டின் நுனியில் ஒண்டிக்கொண்டு போனைப் பார்த்தாள்.

"நல்லா சாஞ்சு உக்காரு அம்மணி" என்றேன்.

தங்கச்சியை மட்டும்தான் நான் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். போனை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் பின்னால் போய், இரும்புத்தூள் கொட்டுகிற இடத்தில் நின்று அழுதேன். அவள் செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. ஊரிலிருந்து திரும்பி வரும்போது அவர்கள் என் வீட்டு வழியாகத்தான் போவார்கள், ஆனால் பெட்டியை இறக்கவேண்டிய வேலை இல்லை. அது நேராகத் துடியலூருக்குப் போய்விடும்.